214ஆம் எண் தூங்குமூஞ்சி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் அந்த அளவுக்காவது இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனை அணைத்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாயாமே. பூட்டிக்கொள். எனக்கு எழுதத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட போதெல்லாம் உனக்குக் காய்ச்சல் என்று அப்பா கையெழுத்திலேயே விடுமுறைக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். எட்டு வருஷத்தில் ஒரு வாத்தியாரும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கே உன் பழைய பூங்கா அலுவலகத்துக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்திருக்கிறது. புயலில் ஏரிப் பூங்காவில் விழுந்த பதினோரு மரங்களையும் விறகுக்குத் தள்ளிவிடாமல் அங்கேயே வைத்துச் சிற்பமாக்கப் போகிறார்களாம். ஜனங்கள் வந்து தொட வேண்டும், உட்கார வேண்டும், மரத்தோடு பழக வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் ரம்பத்தைக் கையில் பிடித்துச் செதுக்குகிற ஆள் இந்த ஊரில் என்னை விட்டால் யார்? ஐம்பத்து மூன்று வயதில் காதில் அடைப்பும் முகத்தில் வலையுமாக நிற்கிறேன். பூங்கா அதிகாரிக்கு எல்லா மரத்திலும் கழுகு வேண்டுமாம். பதினோரு கழுகு செய்தால் மிச்சமிருக்கிற காக்கை குருவியும் பயந்து ஓடிவிடும் என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

கழுகுக்குப் பதிலாக ஒரு நீளமான மரத்தை அப்படியே படுக்கப் போட்டு, மேல்பக்கத்தை மட்டும் அலை மாதிரி செதுக்கி விட்டிருக்கிறேன். பிள்ளைகள் ஏறி ஓடுகின்றன. டை கட்டிய ஒருவர் தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போகிறார். இன்னொரு கட்டையில் தேனீக்களுக்காகத் துளை போட்டேன். ஒரு வாரத்தில் குடி வந்துவிட்டன.

ஆனால் அலுத்துவிட்டது தம்பி. மாலையில் விரல்களில் உணர்ச்சியே இருப்பதில்லை. சட்டைப் பித்தானை உன் அத்தான்தான் கழற்றிவிடுகிறார். அதற்கு முன்னால் வாசலிலேயே நிறுத்தி, துடைப்பத்தால் என் மேலிருக்கும் மரத்தூளைத் தட்டுகிறார். முப்பது வருஷக் குடித்தனத்தில் துடைப்பத்தால் அடி வாங்குவேன் என்று நான் நினைத்ததில்லை.

இதெல்லாம் எழுதிக்கொண்டே போவது எதற்கென்று உனக்குத் தெரிந்திருக்கும். அந்த மரமும் பதினொன்றில் ஒன்று. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில், காற்றே இல்லாத நேரத்தில், ரிட்டயர்டான பஸ் டிரைவர் மேல் விழுந்த மரம். 214ஆம் எண் தூங்குமூஞ்சி. நீ சோதனை செய்து ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மரம். நான் எடுக்காவிட்டால் அதை மட்டும் விறகுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் உன்னைக் கேட்காமல் அதில் ரம்பத்தை வைக்க மாட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

&nbsp;

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தானிடம் துடைப்பத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போடச் சொல்.

நான் இங்கே ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். ஜன்னல் கிடையாது. வருகிற வழியிலும் மரம் கிடையாது, அதனால்தான் இந்த இடத்தைப் பிடித்தேன். பத்தொன்பது வருஷம் மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தவனுக்கு அட்டைப் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உடைந்தாலும் யாரும் சாவதில்லை.

நீ அந்த மரத்தை எடுத்துக்கொள். விறகாகப் போக வேண்டாம்.

பதிலுக்கு எனக்கு ஒன்றே ஒன்று செய். விசாரணைக் குழு போட்டோக்களைப் பார்த்து, ‘புயலின் வேகத்தால்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. மரத்தை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அழுகல் எங்கே இருந்தது, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நீ பார்ப்பாய். பார்த்து எனக்கு எழுது. எண் தகடு எப்போதும் நடைபாதைப் பக்கமாக அடித்திருக்கும், அதை வைத்துப் பக்கத்தைச் சொல்லிவிடலாம்.

ஏழு மாதமாக இந்த ஒரு கேள்வியோடுதான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன். எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்வேன். விடுமுறைக் கடிதம் எழுதுகிற மாதிரி மட்டும் எழுதாதே.

தம்பி

&nbsp;

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

கிரேன் வந்து மரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. முதலில் உன் கேள்விக்குப் பதில். அழுகல் அடிவேரில். முழுக்க மண்ணுக்குள் இருந்த பகுதி. உன் சுத்தியல் எட்டாத இடம். தண்டு நாலு பக்கமும் கெட்டியாக இருக்கிறது. நீ என்றில்லை, உனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே வந்து தட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது. அவ்வளவுதான். இனிமேலாவது ஒழுங்காகச் சாப்பிடு.

ஆகஸ்டு 9 திறப்பு விழா என்று நாள் குறித்துவிட்டார்கள், வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இந்த மரத்தின் நடுப்பாகம் என்ன கறுப்பு தெரியுமா, அடுப்பில் வறுத்து எடுத்த மாதிரி. வெளி வட்டம் மட்டும் மஞ்சள். அறுத்த முகத்தில் தண்ணீர் தெளித்து வைத்தால் வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து தன் பிறந்த வருஷத்தைத் தேடுகிறார்கள். நானும் உன்னுடையதைத் தேடினேன். அந்த வருஷம் மழை போலிருக்கிறது, வளையம் அகலமாக இருக்கிறது. சின்ன வயதில் நீயும் கொழுகொழுவென்றுதான் இருந்தாய்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். டிரைவரின் மனைவி வருகிறார். முதல் நாள் தூரத்தில் நின்றார். மறுநாள் நான் கட்டியிருக்கும் தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்தார். மூன்றாம் நாள் நானே மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிட்டேன். யார் என்று அவரே சொன்னார். நான் யாருடைய அக்கா என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு துணிப்பையில் தண்ணீர் பாட்டிலும் மூக்குக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடக்கும் கட்டையில் உட்கார்ந்து நான் செதுக்குவதைப் பார்க்கிறார். மரத்தின் மேல் கோபமில்லையா என்று கேட்டே விட்டேன். கோபப்பட ரொம்பத் தெம்பு வேண்டியிருக்கிறது என்றார். நான் மறுபடி மெஷினைப் போட்டேன்.

நேற்றுப் போகும்போது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரித்தார். இன்னும் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். “யாராவது சாஞ்சு உட்கார்ற மாதிரி ஏதாவது செய்ங்கம்மா. அவருக்கு அதுதான் பிடிக்கும்” என்றார்.

கழுகு கேட்காத ஒரே ஆள் இவர்தான். அதையே செய்யலாம் என்று இருக்கிறேன்.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 2

என் அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அன்றைக்குக் கிடங்கில் இரண்டு பெட்டிக்கு லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன். மேற்பார்வையாளர் திட்டினார். அவருக்குக் கை கொடுத்துவிட்டு வந்தேன். மனுஷன் இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

தூங்குகிறேன் அக்கா. படுத்தால் காலையில்தான் விழிக்கிறேன். நேற்று இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தேன். அந்தத் தெருவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. பட்டையில் கை வைத்துப் பார்த்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

இப்போது சொல்வதில் பயமில்லை. இத்தனை நாளும் உன்னிடம்கூடச் சொல்லாததை எழுதிவிடுகிறேன்.

ஒரு மரத்தைச் சோதிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். நாலு பக்கமும் மரச் சுத்தியலால் கீழிருந்து கை எட்டும் உயரம் வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே கூடாக இருந்தால் வேறு சத்தம். படிவத்தில் நாலு பக்கத்துக்கும் நாலு கட்டம். 214இல் நான் மூன்று பக்கம்தான் தட்டினேன். நான்காவது, ஏரியைப் பார்த்த பக்கம். அங்கே அந்த டிரைவர் சாய்ந்து உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் அங்கேதான் இருப்பார். மடியில் பேப்பர், பக்கத்தில் செருப்பு, காலை நீட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“நான் எந்திரிக்கணுமாப்பா?”

“வேணாம் சார், நீங்க உட்காருங்க. இந்த மூணு பக்கமே போதும்.”

வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டி முதுகு போன மனுஷன், எழுந்திருக்கவே இரண்டு நிமிஷம் ஆகும், பாவம், எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன். அதற்கு முந்தைய சோதனையிலும் அப்படித்தான். நான்காவது கட்டத்தில் மூன்றாவதில் இருந்ததையே எழுதினேன். ‘கெட்டி.’ அவர்தான் அன்றைக்கு என்னிடம், அலைந்து திரிகிறாயே, தண்ணீர் குடிக்கிறாயா என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அழுகல் அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீ நாலு பக்கமும் பார்த்து எழுதிவிட்டாய். வேரில்தான், மண்ணுக்குள்தான். அவரை எழுப்பியிருந்தாலும் தெரிந்திருக்காது. அந்தப் பொய்க் கட்டம் தப்புதான், ஆனால் அவரைக் கொன்றது அது இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ இருந்தாய்.

ஆகஸ்டு 9 திறப்பு விழாவுக்கு வருகிறேன். லீவு கேட்டுவிட்டேன். அத்தானிடம் எனக்கும் ஒரு துடைப்பம் எடுத்து வைக்கச் சொல்.

உன் அன்புத் தம்பி

&nbsp;

ஜூலை 19

தம்பிக்கு,

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றையும் மரத்தூளோடு சேர்த்துச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன். உன் அத்தான், எழுதுவதாக இருந்தால் ஒழுங்காக எழுது, இல்லையென்றால் சாப்பிட வா என்றார். சாப்பிடப் போகவில்லை.

நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

அழுகல் வேரில் தொடங்கியது என்பது வரை உண்மை. அங்கிருந்து அது தண்டுக்குள் ஆள் உயரம் ஏறியிருந்தது. தகடு இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஏரிப் பக்கம். வெளியே விரல் கனத்துக்குத்தான் மரம், உள்ளே ஒன்றுமே இல்லை. மற்ற மூன்று பக்கமும் கல் மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கிரேன் புரட்டியதும் பார்த்தேன். பார்த்த உடனே, நீ தட்டியிருக்கிறாய், சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். யாருக்கும் வருகிற தவறுதான், இதைச் சொல்லி உன்னை எதற்கு இன்னும் சாகடிக்க வேண்டும் என்று தோன்றியது. மண்ணுக்குள் என்று எழுதுவதற்கு எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உன் காய்ச்சலை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதியது.

அப்புறம் உன் கடிதம் வந்தது. பட்டறையில் நின்றபடியே படித்தேன். நீ தூங்குகிறாய், வேப்பமரத்தில் கை வைத்தாய் என்று படித்தபோது அழுகை வந்தது. அப்புறம்தான் அடுத்த பத்தியைப் படித்தேன். நீ அவரை எழுப்பவில்லை என்பது எனக்குத் தெரியாது தம்பி. தெரிந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா என்று பதினைந்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

சொல்லாமலே விட்டுவிடவும் பார்த்தேன். ஆனால் நான் செய்து வைத்திருப்பது உன்னை விடாது. டிரைவரின் மனைவி சாய்ந்து உட்கார இடம் கேட்டார் என்று எழுதினேனே. உட்கார இடத்தை நான் புதிதாகக் குடைய வேண்டியிருக்கவில்லை, அந்தப் பொந்தே இருந்தது. மக்கிப்போனதை வழித்து எடுத்து, உளியால் ஓரங்களை உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தண்டின் பத்தடித் துண்டை அது இருந்த இடத்திலேயே ஏரியைப் பார்க்க நிமிர்த்தி வைத்திருக்கிறோம். உள்ளே ஒரு ஆள் முதுகைச் சாய்த்து உட்காரலாம், இரண்டு பிள்ளைகள் ஒடுங்கிக்கொள்ளலாம். உள்சுவரில் வண்டு துளைத்த கோடுகளை அப்படியே விட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் ஏரிச் சத்தம் காதுக்குள் கேட்கிறது. என் வாழ்க்கையில் நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை. நீ விழாவுக்கு வந்தால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாய். எந்தப் பக்கம் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் போன வாரம் அதை மூடப் பார்த்தேன். அதே மரத்தில் ஒரு பலகை அறுத்து, வளைவு கொடுத்து, பொந்தின் வாயில் பொருத்தினேன். இரண்டு நாள் வேலை. மேலே ஒரு கழுகைச் செதுக்கிவிட்டால் அதிகாரிக்கும் சந்தோஷம், உனக்கும் தூக்கம். பசை பூசப் போகிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்மா மூடுறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு.”

பலகையைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது, நான் யாரென்றும் தெரியாது. தினமும் வந்து எனக்குத் தண்ணீர் கொடுக்கிறார். நானும் வாங்கிக் குடிக்கிறேன்.

நான் களைத்துப்போய்விட்டேன். உனக்காகப் பொய் சொல்லியும் களைத்துவிட்டேன், அவரிடம் வாய் மூடியிருந்தும் களைத்துவிட்டேன். நீ வந்தால் வா. வராவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, சும்மா மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

&nbsp;

ஜூலை 27

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. வேலைக்குப் போகவில்லை.

எந்தப் பக்கம் என்பது எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் உன்னிடம் கேட்டேன். தாங்கிக்கொள்வேன் என்று எழுதினேன், நீ நம்பவில்லை. நாற்பத்து நாலு வயசிலும் உனக்கு நான் காய்ச்சல்காரப் பிள்ளைதான். இருபது நாள் நிம்மதியாகத் தூங்கினேன் அக்கா. அந்த மனுஷன் செத்துக் கிடக்க, நான் வேப்பமரத்தைத் தடவிக்கொண்டு சிரித்தபடி நடந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அழுகல் இருந்த இடத்துக்காக உன் மேல் கோபமில்லை. இந்த இருபது நாளுக்காகக் கோபம் இருக்கிறது. எப்போது போகும் என்று தெரியவில்லை.

அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நான்காவது பக்கம் நான் தட்டவில்லை, கட்டத்தைப் பொய்யாக நிரப்பினேன், மரத்தை இப்போதாவது பாருங்கள் என்று. அவர்கள் என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும்.

விழாவுக்கு நான் வரமாட்டேன். அதற்கு முன்னால், ஆகஸ்டு 7 வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன். அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும். நான் யார் என்று நான்தான் சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. எழுந்திருக்க வேண்டுமா என்று அந்த டிரைவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன் என்பதை அவருடைய மனைவியிடம் சொல்ல வேண்டும். கடைசியாக அவர் என்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று அந்த அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அடித்தாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி.

அன்று காலையில் நீ அங்கே இருக்க வேண்டாம். நீ இருந்தால் எனக்காக நீ பேச ஆரம்பித்துவிடுவாய். வேலைக்குக் கொஞ்சம் தாமதமாக வா. நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை, அங்கிருந்தே பஸ் ஏறிவிடுவேன். அத்தானிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அந்த அம்மா எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் எனக்கு எழுது. கொஞ்ச நாளைக்கு வேறு எதுவும் எழுதாதே.

தம்பி

&nbsp;

ஜூலை 30

தம்பிக்கு,

காலை ஏழரை மணிக்கு.

அக்கா